ஐம்பதும் அறுபதும்

பீரோவுக்குள் உட்கார்ந்துதான் பாடுகிறேன்.
சரியாகச் சொன்னால்
மர பீரோவின் இரண்டு கதவையும் விரித்து
நடுவே முக்காலி போட்டு
தலைக்கு மேல் ரஜாய் ஒன்றைப் போர்த்திக்கொண்டு.
ஸ்வெட்டர்கள், எங்கள் இருவரின் சட்டைகள்,
ஒரே முறை கட்டி மடித்த கூறைப்புடவை.
எதிரொலியைத் தின்பதில்
கூறைப்புடவைக்கு நிகர் எதுவுமில்லை.

கம்மனஹள்ளி ஐந்தாவது கிராஸில்
இரவு பதினொன்றேகாலிலிருந்து பன்னிரண்டு வரைதான்
எனக்கு வாய்த்த ஸ்டுடியோ.
அதற்கு முன் தண்ணீர் லாரி.
அதற்குப் பின் நாய்கள்.
நடுவில் மாடிவீட்டு ஓனரம்மா
நாற்காலியை இழுத்தால்
இன்னொரு டேக்.

ரோடெல் இருப்பது இலோயிலோவில்.
வரைபடத்தில் தேடித்தான் கண்டுபிடித்தேன்,
பிலிப்பைன்ஸின் நடுவே, கடலோரம்.
மீன்துறைமுகத்து ஐஸ் ஆலையில் வேலை,
மிச்ச நேரத்தில் பேஸ் கிட்டார்.
முகம் பார்த்ததில்லை. பேசியதில்லை.
இரண்டு வருடமாகக் கோப்புகள் மட்டும்
போகின்றன, வருகின்றன.
அவன் ஆங்கிலமும் என் ஆங்கிலமும்
எதிரெதிரே வந்தால்
இரண்டுமே ஓரமாக ஒதுங்கி நிற்கும்.
"இரண்டாவது சரணம், கொஞ்சம் மெதுவாக"
இதுவரை நாங்கள் எழுதிக்கொண்ட
நீளமான கடிதம் அதுதான்.

டிரம்ஸுக்கு கௌஹாத்தி பாஸ்கர்ஜோதி.
கடன் வாங்கியவன் மாதிரித் தலைமறைவாகி
திடீரென்று ஒரு ஞாயிற்றுக்கிழமை
முழுப்பாட்டையும் வாசித்து அனுப்புவான்,
கடைசியில் அவன் மகள்
கதவைத் தட்டி "தேவுதா" என்று கூப்பிடுவது உட்பட.
அப்பா என்று அர்த்தமாம்.
வெட்டத்தான் நினைத்தேன்.
மூன்று பாட்டுகளில் அது அப்படியே இருக்கிறது.

ஆனால் ரீங்காரத்தை விட்டதில்லை.
ஒவ்வொரு வீட்டுச் சுவருக்குள்ளும்
மின்சாரம் முனகிக்கொண்டே இருக்கிறது.
நமக்குப் பழகிவிட்டது, மைக்குக்குப் பழகவில்லை.
என் வீட்டில் நொடிக்கு ஐம்பது அலை,
அவன் ஊரில் அறுபது.
வடிகட்டிவிட்டுத்தான் மறுவேலை.
ஒருநாள் அலுப்பில் இரண்டையும் அப்படியே விட்டுவிட்டு
பாட்டு தொடங்குமுன் இருக்கும்
அந்த நான்கு நொடி வெறுமையை மட்டும்
சத்தம் கூட்டிக் கேட்டேன்.

ஐம்பது சட்ஜம் என்றால்
அறுபது, சாதாரண காந்தாரம்.
முடுக்காமல், பிசிறாமல்,
யாரும் சொல்லிக்கொடுக்காமல்.
பெஸ்காமும் அவன் ஊர் மின்வாரியமும்
ஒன்றையொன்று அறியாமலே
இரவெல்லாம் சேர்ந்து பாடிக்கொண்டிருந்திருக்கின்றன.
நான்தான் துடைத்துத் துடைத்துப் போட்டிருக்கிறேன்.

அவனுக்கு இதை எழுதவில்லை.
எந்த ஆங்கிலத்தில் எழுதுவது.

போன செவ்வாய் மழை.
மூலையில் டிரான்ஸ்பார்மர் வெடித்தது.
லேப்டாப்பில் முப்பத்தெட்டு சதவீதம்.
லிஃப்ட் இல்லை, ஃபிரிட்ஜ் இல்லை,
தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்த
அந்த அரைமணியில் பாடினேன்.
ஒரே டேக்.
இத்தனை நாள் தேடிய சுத்தம்.
கரண்ட் வந்ததும்
கொஞ்சம் பெருமையாகத்தான் அனுப்பினேன்.

காலையில் பதில் வந்திருந்தது.
பேஸ் கோப்பு இல்லை. ஒரு வரி:
"உன் வீட்டில் ஏதோ குறைகிறது.
எல்லோரும் நலமா?"

பல்கூடத் தேய்க்கவில்லை.
மைக்கைத் தூக்கிக்கொண்டு போய்
ஃபிரிட்ஜ் பக்கத்தில் வைத்து
ஒரு நிமிடம் பதிவுசெய்தேன்.
ஐம்பதாவது நொடியில் பரிதி பால் எடுக்க வந்து
கதவைத் திறந்து
"பழுதா?" என்று கேட்கிறான்.
அதுவும் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.